உங்கள் கடிதங்களை ஏற்பதில்லை

அலுவலகத்தில் என்னைக் ‘கொம்பியூட்டர் பிள்ளை’ என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். கிளிநொச்சியில் ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருந்த ஒரு நிவாரண நிறுவனம் அது. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. வவுனியாவில் ஒன்றரை வருடம் படித்த கொம்பியூட்டர் படிப்புத்தான் என்னிடம் இருந்த ஒரே தகுதி. அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வட்டக்கச்சியில் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்தவர்கள். அப்பா இறந்த பிறகு வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். தினமும் சைக்கிளில் வேலைக்கு வந்து போவேன்.

என் பொறுப்பில் ஒரு மெயில் சேர்வர் இருந்தது. பெயர்தான் பெரிது. பக்கத்து மூடி கழற்றப்பட்ட ஒரு பழைய கொம்பியூட்டர், அதன் வயிற்றுக்குள் காற்றடித்தபடி ஒரு மேசை விசிறி, அவ்வளவுதான். கூரையில் பூட்டியிருந்த செய்மதித் தட்டின் வழியாக எங்கள் மின்னஞ்சல்கள் எல்லாம் அதற்குள் வந்து, அதிலிருந்துதான் வெளியே போகும். காலை எட்டரைக்கு ஜெனரேற்றரைப் போட்டால் பின்னேரம் நாலரைக்கு நிற்பாட்டுவோம். அதற்குப் பிறகு வருபவை வெளியே எங்கோ காத்திருந்து மறுநாள் காலையில் ஒன்றாக வந்து விழும்.

2006ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்தக் காலைகள் நரகமாகின. லொத்தரில் பரிசு விழுந்திருக்கிறது என்றும், மலிவு விலைக் கைக்கடிகாரம் என்றும், வாய்விட்டு வாசிக்க முடியாத மருந்துகள் என்றும் குப்பைக் கடிதங்கள் நூற்றுக்கணக்கில் வரத் தொடங்கின. எங்கள் இணைப்போ நூல் மாதிரி மெல்லியது. குப்பை உள்ளே வந்து முடியும்வரை நல்ல கடிதம் ஒன்றும் அசையாது. முல்லைத்தீவுக் கரையில் சுனாமிக்குப் பிறகு தற்காலிகக் கொட்டில்களில் இருந்த சனத்துக்குத் தண்ணீர்த் தாங்கி கேட்டு நாங்கள் அனுப்பிய கடிதம் கொழும்புக்குப் போகாமல் இரண்டு நாள் வரிசையில் கிடந்தது. மூன்றாம் நாள் மனேஜர் என் மேசைக்கு வந்தார். கொழும்பில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு வன்னிக்கு வந்தவர். சத்தம் போட மாட்டார். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“பிள்ளை, இதை மறிக்க ஏலாதோ?”

“ஏலும் சேர். ஒரு கிழமை தாங்கோ.”

மூன்றே நாளில் செய்து முடித்தேன். எந்தெந்தச் சேர்வரிலிருந்து குப்பை வருகிறது என்பதைச் சேர்வர் எழுதி வைக்கும் பதிவில் பார்க்கலாம். அங்கே அவற்றுக்குப் பெயர் இருக்காது; புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்கள் மட்டும் இருக்கும். அந்த எண்களை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘மறு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட வேண்டும். அதன் பிறகு அந்த இடத்திலிருந்து வரும் கடிதத்தை எங்கள் சேர்வர் பிரித்துக்கூடப் பார்க்காது. வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். திருப்பி அனுப்பும்போது சொல்வதற்கு ஒரு வசனமும் எழுதலாம். ‘உங்கள் கடிதங்களை இங்கே ஏற்பதில்லை. மீண்டும் எழுத வேண்டாம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். எழுதியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாரையும் பார்த்து அப்படிச் சொல்ல வாய்ப்புக் கிடைக்காத வாழ்க்கை என்னுடையது.

குப்பை குறைந்தது. ஆனால் குப்பை அனுப்புகிறவர்கள் கடைசி எண்ணை மாற்றிக்கொண்டு திரும்பவும் வந்தார்கள். நான் தனித்தனி எண்களை விட்டுவிட்டு, முதல் மூன்று எண்களை மட்டும் எழுதத் தொடங்கினேன். அப்படி எழுதினால் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த இருநூற்றுச் சொச்சம் முகவரிகளும் ஒரே வரியில் அடைபடும். ஒரு வீட்டில் கள்ளன் இருக்கிறான் என்பதற்காகத் தெருவையே பூட்டுவது போன்ற வேலை. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் செய்தேன். மனேஜர், “இப்ப பறக்குது பிள்ளை, இன்னும் கூட மறி” என்றார். நான் இன்னும் கூட மறித்தேன்.

எங்கள் அலுவலகத்தில் வாகனம் ஓட்டிய அண்ணை ஒருவர் இருந்தார். கொக்கிளாய்ப் பக்கம் பிறந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் கிளிநொச்சியில் தங்கியவர். நாற்பது வயதிருக்கும். அவருடைய மூத்த மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே அவளுடைய இதயத்தில் ஒரு ஓட்டை. ஓடி விளையாடினால் உதடு நீலமாகும். கொழும்பில் ஒரு மருத்துவமனையில் பார்த்து, சத்திரசிகிச்சைக்குப் பட்டியலில் பெயர் போட்டிருந்தார்கள். திகதியைத் தபாலில் அனுப்பினால் திகதி முடிந்த பிறகுதான் கடிதம் வன்னிக்கு வந்து சேரும் என்று அங்கிருந்த டொக்டர் ஒரு மின்னஞ்சல் முகவரி கேட்டாராம். அண்ணைக்கு அப்படி ஒன்று இல்லை. என்னுடையதை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

ஆனி மாதத்திலிருந்து, காலையில் வாகனத்தை எடுக்க முன்னர் என் அறை வாசலுக்கு வருவார். உள்ளே வர மாட்டார். கொம்பியூட்டருக்குத் தூசி ஆகாது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“தங்கச்சி, ஏதும் வந்ததோ?”

“இன்னும் இல்லை அண்ணை.”

“சரி. வரும்.”

அவ்வளவுதான் எங்கள் கதை. ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பதில். வீதியில் கிளைமோர்க் கண்ணிவெடிகள் வெடிக்கத் தொடங்கியிருந்த காலம். பாதை எந்த நேரமும் பூட்டப்படலாம் என்று சனம் கதைத்தது. நாட்கள் போகப் போக, கேட்கும்போது அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்து, திரையைப் பார்த்தபடியே பதில் சொல்லப் பழகினேன்.

ஆடி கடைசியில் ஒருநாள் காலை, குப்பையை எப்படிக் குறைத்தோம் என்று தலைமை அலுவலகத்துக்கு ஒரு அறிக்கை எழுதும்படி மனேஜர் சொன்னார். எத்தனை கடிதங்களை மறித்தோம், எங்கிருந்து வந்தவை என்று காட்ட வேண்டும். மறுக்கப்பட்டவற்றின் பதிவை முதல்முறையாக முழுவதும் திறந்தேன். அதுவரை எண்ணிக்கையை மட்டும்தான் பார்த்திருந்தேன். யாருக்கு வந்தவை என்று பிரித்து அடுக்கினேன். என் பெயருக்கு வந்தவற்றில், கைக்கடிகாரத்துக்கும் லொத்தருக்கும் நடுவே, அனுப்பியவரின் முகவரி ஒன்று ‘lk’ என்ற இலங்கைக்குரிய எழுத்துகளில் முடிந்திருந்தது. அதற்கு முன்னால் மருத்துவமனையின் பெயர்.

பதிவில் இன்னும் கீழே போனேன். அதே முகவரி இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை. முதலாவது மூன்று கிழமைக்கு முன்னர் வந்தது. கடைசியாக வந்தது முந்தின நாள் பின்னேரம். மூன்றையும் என் சேர்வர் திருப்பி அனுப்பியிருந்தது. உள்ளே என்ன எழுதியிருந்தது என்று பார்க்க வழியில்லை. வாசலில் திருப்பியதன் உள்ளடக்கம் எங்கேயும் மிஞ்சாது. அவர்கள் எழுதினார்கள் என்பதும், நான் மறித்தேன் என்பதும் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

மனேஜரின் அறைக்கு ஓடினேன். சொல்லி முடிக்க முன்னரே அவர் தொலைபேசியை எடுத்துவிட்டார். நாலாவது முறை இணைப்புக் கிடைத்தது. சிங்களத்தில் கதைத்து, காத்திருந்து, திரும்பவும் கதைத்து, கடைசியில் ரிசீவரை என்னிடம் நீட்டினார். “வாட்டிலை தமிழ் தெரிஞ்ச மிஸி ஒராள். நீ கதை.”

நான் பிள்ளையின் விபரத்தைச் சொன்னேன். அந்தத் தாதி கோப்பைத் தேடினார். கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது.

“நீங்கதானே வேண்டாம்னு பதில் போட்டிருக்கீங்க?”

“நாங்களோ?”

“ஆமா. மூணு தரமும் பதில் வந்திருக்கு. பிரிண்ட் எடுத்து ஃபைல்ல போட்டிருக்காங்க. உங்கள் கடிதங்களை இங்கே ஏற்பதில்லை, மீண்டும் எழுத வேண்டாம். இப்படித்தான் இருக்கு. பிள்ளையோட ஆக்களுக்கு விருப்பமில்லைன்னு டொக்டர் நெனச்சிட்டாரு.”

நான் ஆங்கிலத்தில் எழுதிய வசனத்தை அவர் எனக்கே தமிழில் வாசித்துக் காட்டினார். அது மனிதர் எழுதியதல்ல, கொம்பியூட்டர் தானாகச் சொன்னது, பிழை என்னுடையது என்று எப்படியோ சொல்லி முடித்தேன்.

“முதல் ரெண்டு திகதியும் போயிடுச்சு,” என்றார். “மூணாவது நாளைக்கு. காலைல எட்டு மணிக்குள்ள பிள்ள வாட்டுல இருக்கணும். இல்லாட்டி அந்தக் கட்டில இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துருவாங்க. பிறகு எப்ப கிடைக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

மணி பத்தே கால். வவுனியாவில் இரவு ரயிலைப் பிடித்தால் விடியக் கொழும்பு. ஆனால் ஓமந்தையில் இராணுவத்தின் சோதனைச் சாவடியைப் பின்னேரம் மூட முன்னர் தாண்ட வேண்டும். அதற்கு முன்னர் பிள்ளைக்கு வன்னியை விட்டு வெளியேற, அப்போது அங்கே ஆட்சி செய்த இயக்கத்தின் பாஸ் வேண்டும். அண்ணையிடம் வேலைக்கான பாஸ் இருந்தது. பிள்ளைக்கு இல்லை. மருத்துவமனைக் கடிதம் இல்லாமல் பாஸ் கிடைக்காது.

“மிஸி, அந்தக் கடிதத்தை இப்ப திரும்ப அனுப்புவீங்களோ? நான் வாசலைத் திறக்கிறன்.”

“கிளார்க்கிட்ட சொல்றேன். இந்த முறையாவது எடுங்க.”

வாகனக் கொட்டகையில் அண்ணை டயருக்குக் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போகிற வேகத்திலேயே ஏதோ விளங்கி எழுந்து நின்றார்.

“அண்ணை, திகதி வந்திருக்கு. நாளைக்குக் காலமை. அவையள் மூன்று தரம் எழுதியிருக்கினம். நான் குப்பை எண்டு மறிச்சுப்போட்டன். நீங்கள் கேட்க கேட்க இல்லை எண்டு சொன்னது நான்தான்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமா, விளங்காமையா, எனக்குத் தெரியவில்லை. கையிலிருந்த எண்ணெய்த் துணியை மெதுவாக மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தார்.

“அதை இப்ப கதைக்க நேரமில்லை தங்கச்சி. நான் வீட்டை போய்ப் பிள்ளையை வெளிக்கிடுத்தச் சொல்லிப்போட்டு வாறன். நீங்கள் கடிதத்தை எடுங்கோ.”

சேர்வருக்கு முன்னால் உட்கார்ந்தேன். மருத்துவமனை இருந்த தெருவை அடைத்த வரியைத் தேடி, பதற்றத்தில் அப்படியே அழித்துவிட்டேன். அதுதான் நான் செய்த இரண்டாவது பிழை. மூன்று மாதமாக வாசலில் முட்டிக்கொண்டிருந்த அந்தத் தெருவின் குப்பை முழுவதற்கும் கதவு திறந்துவிட்டது. திரையில் வரிகள் மளமளவென்று மேலே ஓடின. கைக்கடிகாரம், கடன், மருந்து, கைக்கடிகாரம். இணைப்பு நிரம்பித் திணறியது. மருத்துவமனையின் பெயரைக் காணவில்லை. தாதி சொல்லி இருபது நிமிடமாகிவிட்டது. கிளார்க் அனுப்பியிருப்பார். அந்தக் கடிதம் இந்தக் கூட்டத்துக்குப் பின்னால் எங்கோ நின்றுகொண்டிருந்தது.

மனேஜர் என் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார். அவர் மூச்சு விடுவது கேட்டது.

“இணைப்பைக் கழட்டிப் பூட்டினா என்ன?”

“வேண்டாம் சேர். அது பாதியிலை நிண்டா பிறகு எப்ப திரும்பி வரும் எண்டு தெரியாது.”

கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒருமுறை யோசித்தேன். தெருவைத் திறக்கத் தேவையில்லை. ஒரு வீட்டைத் திறந்தால் போதும். பதிவில் மருத்துவமனையின் நான்கு எண்களும் முழுதாக இருந்தன. அழித்த வரியைத் திரும்பவும் எழுதினேன். அதற்குக் கீழே அந்த நான்கு எண்களையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லி எழுதி, பக்கத்தில் ‘அனுமதி’ என்பதற்கான சொல்லைப் போட்டேன். முழு எண் உள்ள வரியைத்தான் சேர்வர் முதலில் மதிக்கும். மனேஜரை எண்களை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொன்னேன். வாசித்தார். சரி என்றார். கோப்பைச் சேர்வருக்கு விளங்கும் வடிவத்துக்கு மாற்றி, திரும்ப இயக்கினேன்.

ஓடிக்கொண்டிருந்த வரிகள் நின்றன. திரை அசையாமல் கிடந்தது. விசிறிச் சத்தம் மட்டும். இரண்டு நிமிடம் இருக்கும். என் வாழ்க்கையில் நான் இருந்து பார்த்த நீளமான இரண்டு நிமிடம். பிறகு ஒரே ஒரு வரி வந்தது. மருத்துவமனையின் பெயர், ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அச்செடுத்த கடிதத்தோடு பாஸ் கந்தோருக்குப் போனோம். வரிசை நீளம். மேசையிலிருந்தவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“மூன்று கிழமையா என்ன செய்தனீங்கள்?”

அண்ணை என்னைப் பார்க்கவில்லை. “கடிதம் பிந்தித்தான் கிடைச்சது,” என்றார்.

பாஸ் கைக்கு வந்தபோது ஒன்றரை மணி. மனேஜரே வாகனத்தை ஓட்டினார். “நீர் பிள்ளையைப் பிடியும்,” என்று அண்ணையைப் பின்னால் இருத்தினார். பிள்ளையை ஏற்ற வீட்டுக்குப் போனபோது அக்கா, அண்ணையின் மனைவி, கைக்குழந்தையோடு படலை வாசலில் நின்றா. மகளுக்குத் தலை இழுத்து, இரட்டைப் பின்னல் பின்னி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவதுபோல அனுப்பி வைத்தா. மாங்குளம் தாண்டிய பிறகு பிள்ளைக்குச் சத்தி வந்தது. நிற்பாட்டவில்லை. நான் ஒரு பொலித்தீன் பையைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய உதட்டின் நிறத்தை நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிப் பார்த்தோம். புளியங்குளத்தில் இயக்கத்தின் சாவடியில் பைகளைக் கிண்டி, பெயரைப் பதிந்து, விட்டார்கள். எங்கள் வாகனத்துக்கு அதற்கு மேல் போக அனுமதி இல்லை. ஓமந்தைக்குப் போகும் கடைசி பஸ் புறப்படத் தயாராக நின்றது. அண்ணை பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். பஸ் படியில் ஏறிய பிறகு திரும்பி, எங்களைப் பார்த்துக் கையை ஒருமுறை உயர்த்தினார்.

ஓமந்தை மூட முன்னர் அந்த பஸ் போய்ச் சேர்ந்ததா என்று எங்களுக்குத் தெரியாது. மனேஜர் வாகனத்தைக் கிளிநொச்சிப் பக்கம் திருப்பினார்.

“கூட மறி எண்டு சொன்னது நான்தானே பிள்ளை,” என்றார்.

“மறிச்சது என்ர கை சேர்.”

மறுநாள் எட்டரைக்கு ஜெனரேற்றர் போட்டதும் சேர்வருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு அந்தத் தாதியே எழுதியிருந்தார். பிள்ளை ஏழே முக்காலுக்கு வாட்டுக்கு வந்துவிட்டாள் என்று ஒரு வரி. நாலாம் நாள் இன்னொரு வரி. ஓட்டையை அடைத்தாயிற்று. பிள்ளை கண் திறந்தாள், தண்ணீர் கேட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். பிள்ளை இன்னும் மருத்துவமனையில் இருக்கும்போதே, ஆவணியில் சண்டை தொடங்கியது. பாதை பூட்டப்பட்டது. அண்ணையும் மகளும் வவுனியாவில் ஒரு உறவினர் வீட்டில் நின்றுவிட்டார்கள். அக்காவும் கைக்குழந்தையும் கிளிநொச்சியில். முதல் கடிதம் வந்த நாளில் நான் அதைக் கொடுத்திருந்தால், அவர்கள் போய், சுகமாகி, பாதை பூட்ட முன்னர் ஒருவேளை திரும்பியே வந்திருப்பார்கள். அந்தக் கணக்கை யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே போட்டேன்.

அண்ணை வவுனியாவில் ஒரு கடையிலிருந்து யாரையோ கொண்டு தட்டச்சுச் செய்வித்து எனக்கு மின்னஞ்சல் அனுப்புவார். நான் அச்செடுத்து அக்காவிடம் கொண்டுபோவேன். முதல் கடிதத்தோடு போனபோதே நடந்ததைச் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டிருந்தா. கடிதத்தை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனவ திரும்பி வரவில்லை. அடுத்த இரண்டு கிழமையும் வாசலில் வந்து கடிதத்தை வாங்குவா. இரு என்று சொல்ல மாட்டா. மூன்றாம் கிழமை, நான் சைக்கிளைத் திருப்பும்போது கேட்டா.

“நான் ஒண்டு எழுதித் தந்தா இண்டைக்கே போகுமோ?”

“ஓம் அக்கா. நாலரைக்கு முன்னம் தந்தா இண்டைக்கே போகும்.”

“அப்ப இரு. எழுதிப்போட்டு வாறன்.”

கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டா. ஐந்து மாதம் இப்படி நடந்தது. அந்த நாட்களில் மறுக்கப்பட்டவற்றின் பட்டியலை ஒவ்வொரு காலையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். தெருக்களை எல்லாம் திறந்துவிட்டு, ஒவ்வொரு வீடாக மறித்தேன். வேலை இரட்டிப்பானது, குப்பையும் கொஞ்சம் கூடியது. தை மாதம் அக்காவுக்கும் குழந்தைக்கும் வெளியே போக அனுமதி கிடைத்தது. அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து கடிதம் வருவது மெல்ல நின்றது.

2008இல் நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறின. நானும் அம்மாவும் வட்டக்கச்சியை விட்டுக் கிழக்கே இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, கடைசியில் கடற்கரை மணலில் பதுங்கு குழிக்குள் இருந்தோம். அந்த மாதங்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. 2009 வைகாசியில் செட்டிகுளத்து முகாமில் இருந்தோம்.

முகாமில் உறவினர் பார்க்க வந்தால் முள்வேலிக்கு இந்தப் பக்கம் நாங்களும் அந்தப் பக்கம் அவர்களும் நின்று கதைக்கலாம். ஒருநாள் எங்கள் பெயரை ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். எங்களுக்கு வெளியே ஒருவரும் இல்லை. பிழையாகக் கூப்பிட்டிருப்பார்கள் என்று போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணை நின்றார். தலை நரைத்திருந்தது. பக்கத்தில் அவருடைய தோளளவு உயரத்துக்கு ஒரு பெண்பிள்ளை. யார் என்று விளங்க எனக்குச் சற்று நேரம் எடுத்தது. முகாமுக்கு வந்தவர்களின் பட்டியல்களில் தேடித் தேடி என் பெயரைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்.

“தங்கச்சி, ஒண்டு சொல்லவேணும் எண்டுதான் வந்தனான்,” என்றார். சுற்றிலும் ஆட்கள் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்ததால் அவரும் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. “அண்டைக்கு நீங்கள் அந்தக் கடிதத்தை மறிக்காட்டி, நாங்கள் நேரத்தோட போய் நேரத்தோட திரும்பி வந்திருப்பம். பிறகு சண்டை முடியுமட்டும் நாங்களும் வன்னிக்கு உள்ளுக்கதான். ஆர் மிஞ்சியிருப்பம் எண்டு தெரியாது.”

“அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. அது என்ர பிழை. பிழைதான்.”

“பிழைதான். நான் இல்லை எண்டு சொல்லேல்லை. எண்டாலும் இதையும் சொல்லவேணும்.”

ஆறுதல் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தார். எனக்கு ஆறுதல் வரவில்லை. அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஆனால் அதற்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை; நான் அப்படி எதையும் நினைத்து அந்த வரியை எழுதவில்லை. அவர் சேர்ட்டுப் பையிலிருந்து பேனையும் கடதாசியும் எடுத்தார். முகாமிலிருந்து எங்களைப் பொறுப்பெடுக்க உறவினர் என்று விண்ணப்பம் போடப்போவதாகவும், அம்மாவின் முழுப் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வேண்டும் என்றும் கேட்டார். நான் சொல்லச் சொல்ல மகள் கையைத் தாங்கிக் கொடுக்க, அதன்மேல் வைத்து எழுதினார்.

ஐந்து மாதம் கழித்து எங்களை முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். வவுனியாவில் அவர்கள் இருந்த வீட்டின் முன்னறையில் நானும் அம்மாவும் பங்குனி வரை இருந்தோம். போய் இறங்கிய அன்று அக்கா படலைக்கு வந்தா. கிணற்றடியில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பதாகவும், முதலில் அம்மா குளிக்கட்டும் என்றும் சொன்னா. மகள் எங்கள் இரண்டு பைகளையும் ஒரே மூச்சில் உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.